தங்கும் நாட்கள்: மூன்று

எங்கள் குடும்பத்தில் யாருக்கு எந்தப் படிவம் நிரப்ப வேண்டியிருந்தாலும் அது சுற்றிச் சுற்றி என் சமையலறை மேசைக்கு வந்துவிடும். மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் ஒரு கணக்கர் அலுவலகத்தில் 26 வருடமாகக் கிராணி வேலை, அதாவது எழுத்தர் வேலை பார்க்கிறேன். பிள்ளைகளின் பள்ளிப் பதிவு, வருமான வரி, ஈபிஎஃப், கல்யாணப் பதிவு, இறப்புச் சான்றிதழ் எதுவானாலும் "அக்காகிட்ட குடு, எழுதிடும்" என்பார்கள்.

போன ஜூன் பள்ளி விடுமுறையில் ஏழு பேர் ஹாட்யாய் போவதென்று முடிவானது. தாய்லாந்துக்காரர்கள் 2025 மே 1 முதல் வருகை அட்டையைக் கைப்பேசியிலேயே நிரப்பச் சொல்லிவிட்டார்கள். ஏழு பாஸ்போர்ட்டையும் மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டிருந்தேன். ஏழாவது அத்தையுடையது. புத்தம் புதுசு, பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. அத்தைக்கு 86 நடக்கிறது. இந்த வயதில் முதல் பாஸ்போர்ட். எதற்கு இந்த அலைச்சல் என்று எல்லாரும் சொல்லிப் பார்த்தோம். "எல்லாரும் போறீங்க, நான் மட்டும் வீட்டுல உக்காந்து பூனைக்குச் சோறு போடவா?" என்று கேட்டு வாயை அடைத்துவிட்டார்.

"என்ன கேக்குது அது?" என்றார் அத்தை, கோப்பியில் பிஸ்கட்டை முக்கியபடி.

"எத்தனை நாள் தங்குவீங்கன்னு."

"என்ன எழுதுன?"

"மூணு."

"எங்கப்பாவுக்கு மூணு மாசம்னு எழுதுனாங்க."

பிஸ்கட் கோப்பிக்குள் விழுந்துவிட்டது. அத்தை கரண்டியால் அதைத் தேடி எடுப்பதில் மும்முரமானார். நான் அடுத்த கட்டத்துக்குப் போனேன். பயணத்தின் நோக்கம்: விடுமுறை.

தாத்தா சயாமுக்கு, அதாவது இந்தத் தாய்லாந்துக்குப் போனது 1943-இல். மாதம் எங்களில் யாருக்கும் சரியாகத் தெரியாது. "சித்திரை கழிஞ்சு" என்று மட்டும் பாட்டி சொல்வார். அத்தைக்கு அப்போது நாலு வயது. அப்பா தவழ்ந்துகொண்டிருந்தார். ஊருக்கு வெளியே இருந்த அந்த ரப்பர் தோட்டம் இப்போது பாதி செம்பனை, பாதி தாமான் வீடுகள். காலையில் ஆட்களை நிறுத்திக் கணக்கெடுக்கும் பெரட்டுக் களம் இருந்த இடத்தில் ஒரு கார் கழுவும் கடை இருக்கிறது. அங்கேதான் என் தம்பி காரைக் கழுவக் கொடுப்பான். அந்த இடம் என்ன என்று அவனுக்கும் தெரியும். விலை மலிவு, அதனால் போகிறான்.

ஜப்பான்காரன் 1941 டிசம்பர் 8-ஆம் தேதி கோத்தா பாருவில் இறங்கினான். 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் விழுந்தது. துரைமார் அதற்குள் தெற்கே கிளம்பிவிட்டிருந்தார்கள். எங்கள் ரப்பரை வாங்கிக்கொண்டிருந்த நாடுகள் எல்லாம் எதிரி நாடுகளாகிவிட்டன. மரம் வெட்டி, பால் எடுத்து, ஷீட் அடித்து யாரிடம் விற்பது? சம்பளம் நின்றது, அரிசி குறைந்தது, பிறகு உப்பும் துணியும். கடிகாரத்தையும் விட்டுவைக்கவில்லை. தோக்கியோ நேரம்தான் இனி என்று ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளிவைத்தார்கள். ஆறு மணிப் பெரட்டு என்றால் நடுச்சாமம் மாதிரி இருக்கும் என்று பாட்டி சொன்னது எனக்கு ரொம்ப நாள் புரியவில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த பிறகு ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாலரை மணி.

அந்தப் பெரட்டில் வரிசைக்கு ஐந்து பேராக நிற்க வேண்டும், ஜப்பான் மொழியில் எண்ண வேண்டும். பாட்டி சாகும்வரை கோழி முட்டையை எண்ணும்போது "இச்சி, நீ, சான், சி, கோ" என்று தொடங்கி, ஐந்துக்குப் பிறகு "ஆறு, ஏழு" என்று தமிழுக்கு வந்துவிடுவார். சின்னப் பிள்ளையில் எனக்கு அது வேடிக்கை. "பாட்டி, ஆறுக்கு ஜப்பான்ல என்ன?" என்று கேட்டால், "அஞ்சு பேருக்கு மேல வரிசை கிடையாதுடி" என்பார்.

வேலையில்லாமல் கிடந்த ஆட்கள்தான் ஜப்பான்காரனுக்குத் தேவைப்பட்டார்கள். பர்மாவில் இருந்த படைக்குக் கடல் வழியாகச் சாமான் அனுப்புவது ஆபத்தாகிவிட்டது, நீர்மூழ்கிகள் காத்துக்கொண்டிருந்தன. அதனால் சயாமில் பான் போங் பக்கத்திலிருந்து பர்மாவின் தன்பியூசாயாட் வரை 415 கிலோமீட்டருக்குக் காட்டையும் மலையையும் வெட்டித் தண்டவாளம் போட 1942-இல் தொடங்கினார்கள். வெள்ளைக்காரப் போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல் வேலை செய்தும் போதவில்லை. தோட்டம் தோட்டமாக ஆள் கேட்டார்கள். ஒரு நாளைக்கு ஒரு வெள்ளி சம்பளம், சாப்பாடு இலவசம், மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம். முதலில் நம்பிப் போனார்கள். போனவர்கள் திரும்பாதபோது மற்றவர்கள் போக மறுத்தார்கள். அதன்பிறகு ரோட்டில் நடந்து போனவனைக்கூட லோரியில் ஏற்றினார்கள். இலவசப் படம் காட்டுகிறோம் என்று கூப்பிட்டுக் கதவைச் சாத்திப் பிடித்தார்கள் என்று பழைய ஆட்கள் ஊருக்கு ஊர் சொல்வார்கள்.

எங்கள் தோட்டத்தில் படம் எதுவும் காட்டவில்லை. ஒரு பட்டியல்தான். துரை இல்லாத தோட்டத்தில் யார் போக வேண்டும் என்று பெயர் எழுதியவர் எங்கள் ஆள்தான், தோட்டத்துக் கிராணி. இத்தனை தலை வேண்டும் என்று மேலேயிருந்து வரும், எந்தத் தலை என்று அவர் செக்ரோலை, அதாவது ஆள் பதிவேட்டைப் பார்த்து எழுதுவார். வேண்டாதவன் பெயர் முதலில் இருக்கும் என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை. அதே சமயம், எழுதாவிட்டால் அவர் பெயரை வேறொருவன் எழுதியிருப்பான். எனக்கு அந்த மனிதர் மேல் எந்த அளவுக்குக் கோபப்படலாம் என்று இன்றுவரை முடிவு செய்ய முடியவில்லை. அவர் பெயர் எனக்குத் தெரியும். எழுதப்போவதில்லை. பேரப்பிள்ளைகள் இதே ஊரில்தான் இருக்கிறார்கள், அவர்களில் ஒருத்தி என்னோடு படித்தவள்.

இனி சொல்லப்போவதில்தான் எங்கள் வீட்டில் இரண்டு கட்சி.

தாத்தாவின் தம்பி, எங்கள் சின்னத் தாத்தா, சொன்ன கதை இது. பட்டியலில் இருந்தது அவர் பெயர். வயது 19, கல்யாணம் பேசி வைத்திருந்தார்கள். முதல் நாள் ராத்திரி அண்ணன் கிராணி வீட்டுக்குப் போய், "அவன் சின்னப் பையன், தாங்கமாட்டான். அவன் பேர அடிச்சிட்டு என் பேர எழுதிக்குங்க" என்று கேட்டு மாற்றிக்கொண்டார். காலையில் பெரட்டில் கூப்பிட்டபோதுதான் தம்பிக்கே தெரியும்.

பாட்டி இதை ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை. பொங்கலுக்கோ கல்யாணத்துக்கோ சொந்தம் கூடும்போது சின்னத் தாத்தா கண் கலங்கி இந்தக் கதையைச் சொல்லுவார். எல்லாரும் "எப்பேர்ப்பட்ட தியாகம்" என்று உச்சுக்கொட்டுவார்கள். அந்த நேரம் பாட்டி எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார். நான் ஒருமுறை பின்னாலேயே போய்க் கேட்டேன். முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். நிமிராமலே சொன்னார்: "என்ன தியாகம்? பேரு கூப்பிட்டான், போனாரு. அவ்வளவுதான்."

கிராணி என்ற முறையில் ஒன்று சொல்வேன். பட்டியலில் ஒரு பெயரை அடித்து இன்னொன்றை எழுத மூன்று நொடி போதும். தலைக்கணக்கு மாறாதவரை மேலே இருப்பவன் கேட்கவும் மாட்டான். சின்னத் தாத்தா சொன்னது நடந்திருக்கக்கூடியதுதான். பிறகு பாட்டி ஏன் மறுத்தார்? எனக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் பிறந்த பிறகுதான் ஒரு மாதிரி விளங்கியது. தம்பிக்காக அவர் தன்னைக் கொடுத்தார் என்றால், கையில் ஒன்றும் இடுப்பில் ஒன்றுமாக நின்ற பெண்டாட்டியையும் சேர்த்துத்தான் கொடுத்தார். அவரை யாரும் கேட்கவில்லை. பெயர் கூப்பிட்டான், போனார் என்று வைத்துக்கொண்டால் புருஷன் மேல் வருத்தப்பட வேண்டியதில்லை. ஜப்பான்காரன் மேல் பழியைப் போட்டுவிட்டுப் பிழைப்பைப் பார்க்கலாம். பாட்டி அப்படித்தான் பிழைப்பைப் பார்த்தார். ஆண்கள் இல்லாத லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், மரவள்ளி நட்டார், ஒரே சேலையைப் பக்கத்து வீட்டுக்காரியோடு மாற்றி மாற்றிக் கட்டி வெளியே போனார். ஜப்பான் காலத்தில் வாழ்ந்தவர்கள் மரவள்ளியைக் கண்டாலே ஓடுவார்கள் என்று எல்லாரும் எழுதுகிறார்கள். எங்கள் பாட்டி கடைசிவரை கொல்லையில் வைத்திருந்தார், தேங்காய்ப்பூ போட்டு ருசித்துச் சாப்பிடுவார். "அது இல்லேன்னா ஒங்கப்பன் ஏது?" என்பார்.

தாத்தா போன சில வாரத்தில், 1943 ஜூலையில், நேதாஜி சிங்கப்பூர் வந்து இறங்கினார். ஊர் ஊராக ஆள் சேர்ந்தது. அடுத்த பட்டியல் வருவதற்குள் சின்னத் தாத்தா ஈப்போவுக்குப் போய் இந்திய தேசிய இராணுவத்தில் பெயர் கொடுத்துவிட்டார். நாட்டுப்பற்று இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் "சயாமுக்குப் போறதவிடப் பட்டாளத்துக்குப் போறது மேல்" என்று அவரே சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். அப்படி நினைத்துச் சேர்ந்த தோட்டத்துப் பிள்ளைகள் அவர் ஒருவர் மட்டுமில்லை. பயிற்சி எடுத்தார், பர்மா எல்லைக்குப் போகும் முறை வருமுன் சண்டை முடிந்தது, வீடு திரும்பினார்.

அதன்பிறகு அவர் தலைக்கு மேலே ஒரு நேதாஜி படம். கண்ணாடி போட்டு, மாலை போட்டு, ஜனவரி 23 வந்தால் புது மாலை. கூட்டங்களுக்குக் கூப்பிடுவார்கள், துண்டு போர்த்துவார்கள், மேடையில் உட்காரவைப்பார்கள். அவருக்கு அது தகும், குறை சொல்லவில்லை. ஆனால் எங்கள் வீட்டுச் சுவரில் தாத்தாவுக்கென்று ஒரு ஆணிகூட இருந்ததில்லை. படம் எடுத்திருந்தால்தானே மாட்டுவதற்கு? நம்மவர்களுக்குத் துப்பாக்கி பிடித்தவனைப் போற்றத் தெரியும். மண்வெட்டி பிடித்துச் செத்தவனை என்ன சொல்லி மேடையேற்றுவது என்று தெரியாது. ஒரு தலைமுறைக்கு மேல் சயாம் ரயிலை நாம் ஏதோ குடும்ப அவமானம் மாதிரி வாய்க்குள்ளேயே வைத்திருந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று எனக்குப் படுகிறது.

இன்னொரு காரணம் உண்டு. அது கொஞ்சம் கூசுகிற விஷயம்.

போர் முடிந்து மலாயா ஆட்கள் எத்தனை பேர் போனார்கள், என்ன ஆனார்கள் என்று பிரிட்டிஷ்காரர்கள் ஒரு கணக்கு எடுத்தார்கள். போனவர்கள் ஏறக்குறைய 78,000. பெரும்பாலோர் தமிழர்கள். இறந்தவர்கள் என்று பதிவானது 30,000 பேர் அளவில். இது குறைவான கணக்கு, உண்மையில் இதைவிட அதிகம் என்கிறவர்கள் நிறைய. எண்ணியவன் எவன்? போர்க்கைதிகளோடு அவர்கள் அதிகாரிகள் இருந்தார்கள், டாக்டர்கள் இருந்தார்கள், ஒளித்து வைத்தாவது பெயர் எழுதிய ஆள் இருந்தான். எங்கள் ஆட்களுக்கு அதெல்லாம் கிடையாது. 1943-ஆம் வருட மழையில் காலரா வந்தபோது காலையில் வேலைக்குப் போனவன் மாலையில் குழிக்குள் கிடந்தான், சில முகாம்களில் உயிர் போகுமுன்பே.

அந்தக் கணக்கில் இறந்தவர்கள், திரும்பியவர்கள் தவிர இன்னொரு கட்டம் இருக்கிறது. "ஓடிப்போனவர்கள்." அதில் மட்டும் 20,000 பேருக்கு மேல்.

முதல் தடவை அந்த அட்டவணையைக் கணினித் திரையில் பார்த்தபோது அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு நேரம். நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்து வைத்திருந்தேன். அப்படியே இருந்தது. எங்கள் வேலையிலும் இப்படி ஒரு கட்டம் உண்டு. எந்தத் தலைப்பிலும் சேராத தொகையை அதில் போட்டுக் கூட்டலைச் சரிக்கட்டுவோம். காட்டில் விழுந்தவன், ஆற்றில் போனவன், தப்பிக்கப் பார்த்து வழி தெரியாமல் செத்தவன், உண்மையிலேயே தப்பித்தவன் எல்லாரும் அந்த ஒரு கட்டத்தில்தான் இருக்க வேண்டும். தாத்தா எந்தக் கட்டம்?

ஏனென்றால் தோட்டத்தில் ஒரு பேச்சு இருந்தது. 1945 கடைசியிலும் 46-இலும் சயாமிலிருந்து மிச்சம் மீதி ஆட்கள் திரும்பினார்கள். எங்கள் லயத்துக்கு ஒருவர் வந்தார், எலும்பும் தோலும், கால் முழுக்கப் புண். பாட்டி அவரிடம் ஓடினார். "ஒண்ணாத்தான் இருந்தோம் தங்கச்சி. மழைக்கு முன்னாடி அவர வேற கேம்ப்புக்கு மாத்திட்டாங்க. அப்புறம் பாக்கல" என்றார். அவ்வளவுதான் சேதி. செத்தார் என்று யாரும் பார்க்கவில்லை. பார்க்காததால் வாய்கள் திறந்தன. "சயாம்காரி எவளையாவது கட்டிக்கிட்டு அங்கேயே குடும்பம் நடத்துவான்." குழாயடியில் பாட்டியின் காதுபடவே பேசினார்கள். அப்பாவைப் பள்ளியில் "சயாம் தம்பி" என்று கூப்பிட்டார்களாம்.

பாட்டி சண்டைக்குப் போவார் என்று நினைப்போம். போகவில்லை. அத்தை எனக்கு இதைச் சொன்னதே சில வருடத்துக்கு முன்னால்தான். ஒருநாள் ராத்திரி பாட்டி அவரிடம் சொன்னாராம்: "அவளுங்க வாய்க்குச் சர்க்கரை போடணும்டி. இருந்தா சரி. எவ கூடயாவது இருந்தா சரி."

அந்த வருடங்களில் எங்கள் ஊரில் வேறு ரகளை. 1948 ஜூன் 16 காலை சுங்கை சிப்புட் பக்கம் இரண்டு தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமாரைச் சுட்டுக் கொன்றார்கள், அவசரகாலம் வந்தது. வரலாற்றுப் புத்தகத்தில் எங்கள் ஊருக்கு இடம் கிடைத்ததே அதனால்தான். அந்த மூவருக்கும் பத்து காஜா கல்லறைத் தோட்டத்தில் ஒவ்வொரு ஜூனிலும் மலர்வளையம் வைக்கிறார்கள். வைக்கட்டும். அவசரகாலத்தில்தான் எல்லாருக்கும் முதன்முதலாக ஐசி, அதாவது அடையாள அட்டை எடுத்தார்கள். பதிய வந்தவர் "புருஷன் இருக்காரா?" என்று கேட்டதற்குப் பாட்டி, "இருக்காரு, சயாமுல" என்றாராம். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை நிறுத்தி ஒருமுறை பார்த்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டாராம். நல்ல கிராணி.

பாட்டி 1991-இல் இறந்தார். அன்றைக்கு நடந்ததைத்தான் நான் எழுத வேண்டும் என்று பல வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

குளிப்பாட்டிப் படுக்கவைத்த பிறகு பெண்கள் நின்றுவிட்டார்கள். பாட்டியின் கழுத்தில் மஞ்சள் கயிறு இருந்தது. பொன் தாலியை ஜப்பான் காலத்திலேயே அரிசிக்குக் கொடுத்துவிட்டு, கயிற்றில் ஒரு விரலி மஞ்சளைக் கோத்துக் கட்டிக்கொண்டவர். வருடா வருடம் ஆடிப்பெருக்குக்குக் கயிறு மாற்றுவார். நெற்றியில் எப்போதும் குங்குமம். 48 வருடமாக அப்படித்தான். உயிரோடு இருந்தவரை யாரும் எதுவும் கேட்கவில்லை. இப்போது கேட்க வேண்டிய நேரம். சுமங்கலியாக அனுப்புவதா, இல்லையா? சுமங்கலி என்றால் கூறைச்சேலை, பூ, பொட்டு. இல்லையென்றால் தாலியை இறக்க வேண்டும், ஆனால் அதை எப்போது இறக்கியிருக்க வேண்டும்?

பெரியவர் ஒருத்தி, "நூறு வயசு ஆகப்போற மனுசன் இன்னுமா உசுரோட இருப்பாரு?" என்றார். (தாத்தாவுக்கு அப்போது எழுபதுக்குக் கொஞ்சம் மேல்தான் இருக்கும். அவருக்குக் கணக்கு வராது.) இன்னொருத்தி, "செத்தாருன்னு யாரு கண்டா? காணாம எப்புடித் தாலிய எடுப்ப?" என்றார். அத்தை அழவில்லை, கயிற்றைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். நான் சேலையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன். வெளியே சங்கு ஊதுகிறவர் அவசரப்படுத்துகிறார், இடுகாட்டு வேலையாட்கள் நாலு மணிக்கு மேல் நிற்கமாட்டார்களாம்.

சின்னத் தாத்தா உள்ளே வந்தார். பெண்கள் இருக்கும் அறைக்குள் அவர் வருகிறவர் இல்லை. பாட்டியின் கால்மாட்டில் நின்றார்.

"அண்ணன் செத்துட்டாருன்னு எனக்குத் தெரியும்" என்றார். "தெரிஞ்சுதான் இத்தன வருசம் இருந்தேன். ஆனா அண்ணிகிட்ட யாரும் சொல்லல. அவங்களுக்குத் தெரியாதது அப்படியே இருக்கட்டும். பொட்டு வச்சு அனுப்புங்க."

அவருக்கு எப்படித் தெரியும், யார் சொன்னார்கள், உண்மையிலேயே தெரியுமா? அன்றைக்குக் கேட்க முடியவில்லை, பிறகு கேட்கத் தைரியம் வரவில்லை, அவரும் போய்விட்டார். சிவப்புச் சேலை கட்டி, மல்லிகை வைத்து, காசளவு பொட்டு வைத்தோம். பொட்டு வைத்தது அத்தை. கை நடுங்கியதில் கொஞ்சம் கோணலாகப் போய்விட்டது, யாரும் திருத்தவில்லை.

இதில் ஒரு சிக்கல் பின்னால் வந்தது. பாட்டிக்குத் திதி தெரியும், வருடா வருடம் கொடுக்கிறோம். தாத்தாவுக்கு? அப்பா இருந்தவரை கொடுக்கவில்லை. அம்மா பொட்டோடு போன பிறகு அப்பாவுக்கு எப்படித் திவசம் கொடுப்பது என்று அவருக்குக் குழப்பம். அப்பா காலமான பிறகு தம்பிதான் ஆடி அமாவாசைக்குக் கோலகங்சார் பக்கம் பேராக் ஆற்றங்கரைக்குப் போகத் தொடங்கினான். முதல் வருடம் நானும் போனேன். அதிகாலை, ஆறு கோப்பி நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. நெகிழி நாற்காலிகள் வரிசையாக, எள்ளும் வாழைப்பழமும் கலந்த வாசனை. எங்கள் முறை வந்ததும் தர்ப்பையைக் கொடுத்தபடி குருக்கள் கேட்டார்: "தாத்தா பேரு? எப்ப தவறினாரு?"

தம்பி விழித்தான். "அவரு... சயாமுக்கு..."

குருக்கள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "சயாமா? சரி, அமாவாசைதான். பேரச் சொல்லுங்க."

எங்களுக்கு முன்னால் எத்தனை பேர் அந்த இடத்தில் அதே சொல்லில் தடுக்கியிருப்பார்கள் என்று அப்போதுதான் தோன்றியது. வாங்கிக்கொண்ட எள் ஈரக் கையில் ஒட்டிக்கொண்டு போகவேமாட்டேன் என்றது. தம்பி ஆற்றில் இரண்டு முறை கையை அலசினான்.

அத்தைக்கு இந்த அமாவாசை ஏற்பாட்டில் சம்மதமில்லை. அவர் வருவதில்லை. தடுப்பதும் இல்லை.

ஹாட்யாய்க்கு வருவோம். சுங்கை சிப்புட்டில் ஈடிஎஸ் மின்ரயில் ஏறினால் பாடாங் பெசார் ஏறக்குறைய மூன்று மணி நேரம். குளிரூட்டி போட்ட பெட்டி, பிள்ளைகள் கையில் கைப்பேசி, என் நாத்தனார் பிளாஸ்கில் தேநீர். தண்டவாளம் புதுசு என்றாலும் பாதை பழைய பாதைதான். கூட்ஸ் பெட்டியில் நின்றபடி, மூத்திரத்துக்கும் தண்ணீருக்கும் வழியில்லாமல் நாலைந்து நாள் போனார்களே, அதே பாதை. போனது ஆட்கள் மட்டுமில்லை. கிழக்குக் கரைப் பாதையின் தண்டவாளத்தையே பெயர்த்துக்கொண்டு போய் அங்கே போட்டார்கள். அந்தக் கிழக்குக் கரைப் பாதையைப் போருக்குப் பிறகு திரும்பப் போட்டுவிட்டார்கள். சயாம் ரயில் திறப்பு விழாவுக்கு ஓடிய நீராவி எஞ்சினைக்கூட ஜப்பானுக்குக் கொண்டுபோய்த் தோக்கியோவில் யாசுகுனி ஆலய அருங்காட்சியகத்தில் துடைத்துப் பளபளப்பாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அந்த ரயில் பாதையில் இருக்கும் காஞ்சனாபுரி நகரத்துக் கல்லறைத் தோட்டத்தில் போர்க்கைதிகளுக்கு ஏறக்குறைய 7,000 கல்லறைகள், புல்லைச் சீப்பு போட்டு வாரியது போல இருக்கும், தம்பி படம் அனுப்பியிருக்கிறான். அதே ஊரில் வாட் தாவர்ன் கோயில் வளாகத்தில் 2023-இல் நம் ஆட்களுக்கென்று ஒரு நடுகல் வைத்தார்கள். அதையும் அனுப்பினான். தமிழ் எழுத்தைப் பார்த்ததும் கைப்பேசியை அத்தையிடம் நீட்டினேன். அத்தை கண்ணாடியை ஏற்றிப் பார்த்துவிட்டு, "அப்பா பேரு இருக்கா?" என்றார். இல்லை என்றேன். திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பாடாங் பெசாரில் முத்திரை குத்தும் வரிசையில் அத்தைக்கு நாற்காலி கொடுத்தார்கள். அந்தப் பக்கம் போனதும் என் மகன் எல்லாருடைய கடிகாரத்தையும் ஒரு மணி நேரம் பின்னால் வைக்கச் சொன்னான். அத்தை மட்டும் தன் கடிகாரத்தைத் தொடவிடவில்லை. "மணிய மாத்துறவன நம்பக்கூடாது" என்றார். எல்லாரும் சிரித்தோம். அத்தையும் சிரித்தார்.

ஹாட்யாயில் எல்லாரும் செய்வதைச் செய்தோம். முந்திரிப் பருப்பு, தைலம், பிள்ளைகளுக்குச் சட்டை, மிதக்கும் சந்தையில் படம். அத்தை கருவாடு வாங்கினார், விலை அதிகம் என்று அந்தப் பெண்ணிடம் தமிழிலேயே பேரம் பேசி 20 பாட் குறைத்தார். சயாம்காரிகளைப் பார்க்கும்போது அவர் முகத்தில் ஏதாவது தெரிகிறதா என்று நான் கவனித்துக்கொண்டே இருந்தேன். ஒன்றும் தெரியவில்லை. ஒரு வயதான தேநீர்க் கடைக்காரியின் மூக்கை மட்டும் கொஞ்சம் அதிக நேரம் பார்த்த மாதிரி இருந்தது. நான்தான் கற்பனை செய்கிறேனோ என்னவோ.

மூன்றாம் நாள் காலை திரும்புவதற்காக ஹாட்யாய் ரயில் நிலையத்துக்கு வந்தோம். எங்கள் வண்டிக்கு இன்னும் நேரம் இருந்தது. பக்கத்துத் தளத்தில் நீளமான வண்டி ஒன்று வடக்கே மூக்கை வைத்து நின்றது, பெட்டி பெட்டியாகத் தூங்கும் படுக்கைகள். அத்தை கருவாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தபடி இருந்தார்.

"இது எங்க போவுது?"

"பேங்கோக் அத்தை."

"பான் போங் போவுமா?"

அந்தப் பெயர் அத்தைக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியாது. கைப்பேசியில் பார்த்தேன். போகிற வழியில்தான் இருக்கிறது என்றேன்.

"எத்தன நாளு?"

"நாளெல்லாம் இல்ல அத்தை. சாயந்தரம் ஏறுனா காலைல போயிடலாம்."

அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் ஏதோ பொய் சொல்கிறேன் என்பது போல.

"ஒரு ராத்திரிதானா?"

"ஒரு ராத்திரிதான்."

பையை மடியிலிருந்து இறக்கிப் பெஞ்சின் மேல் வைத்தார். சேலைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்துகொண்டார். என் மகன் அந்தப் பக்கம், வண்டி வரப்போகிறது என்று கையை ஆட்டிக்கொண்டிருந்தான்.

"டிக்கெட்டு எவ்ளோன்னு மட்டும் கேட்டுட்டு வா" என்றார் அத்தை.